விளையாட்டுப் பெட்டியில் பணம் போடலாமா?

பணி ஓய்வுத் தொகையிலிருந்து 10 இலட்சம் ரூபாயை ஒரு விளையாட்டுப் பெட்டிக் கம்பெனியில் போடலாமா என்று நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார். அவருடைய மருமகனும் நண்பர்கள் மூவரும் கோரமங்களாவில் அறை எடுத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டி, அதாவது 'கன்சோல்', ஒன்றைத் தாங்களே செய்து, வெளிநாட்டுப் பெட்டியின் பாதி விலைக்கு விற்பது அவர்கள் திட்டம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு, இந்த வியாபாரத்தின் வரவு செலவு வேறு. கணக்குத் தணிக்கையில் காலம் கழித்தவன் என்ற முறையில் நான் அவருக்குச் சொன்னதை மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெட்டியை விற்பதில் பெரும்பாலும் இலாபம் கிடையாது என்பதுதான். வீட்டில் வைக்கும் அச்சுப்பொறியை மலிவாகக் கொடுத்துவிட்டு, மை விற்றுப் பணம் பண்ணுகிறார்கள் அல்லவா? அதே தந்திரம்தான். 2006 நவம்பரில் சோனி கம்பெனி பிளேஸ்டேஷன் 3 பெட்டியை வெளியிட்டபோது, அமெரிக்காவில் குறைந்த விலை வகை 499 டாலர். அதைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் வேலைக்கும் மட்டுமே 800 டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 2007 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவுக்கு ஏற்பட்ட நட்டம் 23,000 கோடி யென்னுக்கு மேல். மைக்ரோசாஃப்ட் நிலையும் வேறல்ல. 2021 மே மாதம், எபிக் கம்பெனி ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் தங்களுக்கு ஒருபோதும் இலாபம் வந்ததில்லை என்றே சொன்னார்.

பின் எதற்காக விற்கிறார்கள்? நம் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலம் கட்டுவது செலவு. சுங்கச் சாவடியில் வண்டிக்கு வண்டி வசூலிப்பதுதான் வரவு. பெட்டி என்பது பாலம். அதில் ஓடும் விளையாட்டுகளைப் பிற கம்பெனிகள் எழுதினாலும், விற்கும் ஒவ்வொன்றிலும் பெட்டிக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. இணையக் கடை மூலம் விற்றால் அது ஏறக்குறைய 30 விழுக்காடு. மாதச் சந்தா தனி. வண்டிகள் வந்தால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. வராவிட்டால்?

வராத கதை ஒன்று உண்டு. அந்த அன்பருக்கு நான் முக்கியமாக எடுத்துச் சொன்னது இதைத்தான். அமெரிக்காவில் 'ஊயா' என்ற சிறு கம்பெனி, 99 டாலரில் பெட்டி தருவதாக 2012-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியது. கேட்டது 9.5 இலட்சம் டாலர், சேர்ந்ததோ 85 இலட்சம் டாலருக்கு மேல்! மறு ஆண்டு பெட்டி வந்தது. பெரிய முதலீட்டாளர்களும் பணம் போட்டார்கள். ஆனால் மலிவான பெட்டியில் விளையாடத் தக்க பெரிய விளையாட்டுகள் இல்லை. பெட்டிகள் பெருகாததால் விளையாட்டு எழுதுவோர் வரவில்லை. விளையாட்டுகள் இல்லாததால் பெட்டிகள் விற்கவில்லை. 2015-இல் அதன் மென்பொருளும் ஆட்களும் ரேசர் என்ற கம்பெனிக்குக் கைமாறினார்கள். 2019 ஜூனில் கடையே மூடப்பட்டது. இவ்வளவு ஆரவாரத்தோடு கிளம்பியவர்களுக்கே இந்தக் கதி என்றால், கோரமங்களா அறையில் நால்வர் எந்தப் பணத்தைக் கொண்டு, விளையாட்டு எழுதுவோர் வரும்வரை காத்திருப்பார்கள்?

ஆழ்ந்த பை உள்ளவர்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஜப்பானின் சேகா, 2001-இல் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் பழுதானதால் 2007-இல் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நின்டெண்டோவின் 'வீ' பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. அதுவும் தொடக்கம் முதலே இலாபத்தோடு. அதே கம்பெனி 2012-இல் கொண்டுவந்த 'வீ யூ' 1.4 கோடியைக் கூட எட்டவில்லை. முந்தைய வெற்றியைப் பார்த்துப் பங்கு வாங்கியவருக்கு அது எப்படி முன்கூட்டியே தெரியும்?

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டாயிரங்களில் மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்குள் ஒரு சிறு சில்லைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அதன்பின் நகல் வட்டுகள் தாராளமாக ஓடும். சென்னை பர்மா பஜாரிலும் அப்படித்தான். வாங்குபவருக்குக் கொண்டாட்டம். பெட்டிக்காரருக்கோ, பாலத்தில் வண்டி ஓடுகிறது, சாவடியில் காசு விழவில்லை. இப்போது நகல் வட்டு வியாபாரம் தேய்ந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் கையில் செல்பேசி வந்துவிட்டது. விளையாட அதுவே போதும் என்கிற வீட்டில், பெட்டிக்கென்று தனியாகப் பணம் எடுப்பது எளிதல்ல.

அப்படியானால் பெங்களூரில் இத்துறையில் யாரும் பிழைக்கவில்லையா? பிழைத்தார்கள், பெட்டி செய்து அல்ல. ராஜேஷ் ராவ் 1997-இல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், நாட்டின் முதல் விளையாட்டு மென்பொருள் கம்பெனிகளில் ஒன்று. எக்ஸ்பாக்ஸில் ஓடும் ஃபோர்ஸா கார்ப் பந்தய விளையாட்டுகள் போன்ற பெரிய படைப்புகளுக்கு இங்கிருந்து சித்திர வேலை செய்து கொடுத்தார்கள். இது கூலி வேலைதான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. விளையாட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் செய்த வேலைக்குக் காசு வந்துவிடும்.

எனினும் விலையைப் பாருங்கள். 2016 டிசம்பரில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கம்பெனி, துருவாவின் 90 விழுக்காட்டுப் பங்கை 85 இலட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 58 கோடி ரூபாய். 20 ஆண்டு உழைப்புக்கும் 300 பேருக்கு மேல் இருந்த கம்பெனிக்கும் மென்பொருள் நகரமான பெங்களூரில் இது பெரிய தொகை என்று சொல்ல முடியாது. வாங்கியவருக்கும் அது நிலைக்கவில்லை. வேறொரு விளையாட்டு படுத்துவிட்டதால், 2018 டிசம்பரில் ஸ்டார்பிரீஸ் கடன் மறுசீரமைப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. 2019 மே மாதம் துருவா பங்குகள் 79 இலட்சம் டாலருக்கு, ராக்ஸ்டார் விளையாட்டுகளை வெளியிடும் டேக்-டூ கம்பெனிக்குப் போயின. துருவாவின் ஆட்கள் ராக்ஸ்டாரின் பெங்களூர் அலுவலகத்தோடு சேர்ந்துகொண்டார்கள். முதலாளி இரண்டு முறை மாறியும், சித்திரம் வரைந்தவர்களுக்கு இதே ஊரில் வேலை தொடர்ந்தது.