முதல் கப்பல் பயணம்: குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

மூன்று தலைமுறையும் சேர்ந்து போய்வரக்கூடிய வெளிநாட்டுப் பயணம் என்று பார்த்தால், உல்லாசக் கப்பலுக்கு ஈடு குறைவு. ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். தூங்கி எழுந்தால் வேறு ஊர். முட்டி வலிக்காரத் தாத்தா டெக்கில் காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம், பேரன் நீச்சல்குளத்திலேயே கிடக்கலாம், அம்மாவுக்கு அடுப்படியிலிருந்து முழு விடுப்பு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் கிளம்பியது. அடுத்த ஆண்டு அது இலங்கைக்கும் போனது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து மூன்று நான்கு இரவுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்புவதும் இன்று டிராவல் ஏஜென்சிகளின் வழக்கமான பேக்கேஜ்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘மிதக்கும் ஹோட்டல்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஹோட்டல் நாம் எத்தனை மணிக்குப் போனாலும் அங்கேயே இருக்கும். கப்பல் கிளம்பிவிடும். அது நாட்டு எல்லைகளைத் தாண்டுகிறது, தனக்கென ஒரு நேரம் வைத்திருக்கிறது, நடுக்கடலில் அதற்குப் பக்கத்துக் கடை கிடையாது. முதல்முறை போகிறவர்களின் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருபவை.

அதே நாள் விமானம்

நள்ளிரவில் சென்னையில் ஏறி, விடிந்ததும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, மத்தியானம் கப்பல் ஏறுவது என்று திட்டம் போடுகிறார்கள். ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சம்தான். விமானம் தாமதமானாலோ, பெட்டி வந்துசேராவிட்டாலோ மொத்தப் பயணமும் போய்விடும். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே செக்-இன் மூடப்படும். தவறவிட்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. முதல் நாளே போய்த் தங்குங்கள். திரும்பும் நாளிலும் காலை விமானம் வேண்டாம். கப்பல் விடியற்காலையில் கரை சேர்ந்தாலும் எல்லோரும் இறங்கி, குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர நேரம் பிடிக்கும்.

விசா: திரும்பி வருவதும் ஒரு நுழைவுதான்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போது நீங்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறுகிறீர்கள். நான்காம் நாள் அதே துறைமுகத்தில் இறங்கும்போது மறுபடியும் உள்ளே நுழைகிறீர்கள். ஆகவே ஒருமுறை நுழைவதற்கு மட்டுமான விசா போதாது. பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா, இறங்கும் தேதியிலும் விசா செல்லுமா என்று குடும்பத்தில் ஒவ்வொருவருடைய விசாவையும் தனித்தனியாகப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும், திரும்பி இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் மறுபடி நிரப்ப வேண்டும்.

மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போய்வந்த சித்தப்பா சொன்னதை நம்பாமல், டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தில் பாருங்கள். ‘நாங்கள் அந்த ஊரில் இறங்கப்போவதில்லை’ என்பது சமாதானமாகாது. கப்பல் நிற்கும் நாடுகள் எல்லாவற்றுக்கும் ஆவணம் கேட்பது பல நிறுவனங்களின் வழக்கம். தாத்தா பாட்டியோடு மட்டும் பேரப்பிள்ளைகள் வருவதானால், பெற்றோரின் சம்மதக் கடிதம் தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையையும், 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணியையும் பல கப்பல்களில் ஏற்றமாட்டார்கள்.

கைப்பையும் பெட்டியும்

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி உங்கள் அறைக்கு வந்துசேர மாலையாகலாம். பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, குழந்தையின் டயப்பர், மாற்றுத்துணி, நீச்சல் உடை, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரைகளை இரண்டு மூன்று நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், கட்டணம் அதிகம். கப்பல் பயணத்தையும், அவசரத்துக்குக் கரையிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவதையும் சேர்த்துக் காப்பீடு எடுப்பது அவசியம்.

நம் வீடுகளில் வழக்கமாகப் பெட்டிக்குள் போகும் சில சாமான்கள் இங்கே பிடிபடும். எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஊதுபத்தி, கற்பூரம் எதற்கும் அனுமதி இல்லை. கடலில் தீ பிடித்தால் ஓடி இறங்க இடமில்லை என்பதுதான் காரணம். சமைத்த உணவையும் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்று புக்கிங்கின்போதே எழுதிக் கொடுங்கள். பஃபேயில் காய்கறிப் பதார்த்தம் என்று எடுப்பதிலும் மீன் சாஸோ சிப்பி சாஸோ இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் மட்டும் போதாது.

அலாரம் பயிற்சியைத் தட்டிக்கழிப்பது

ஏறியவுடன் பிள்ளைகள் ஒரு பக்கம், பஃபே ஒரு பக்கம் இழுக்க, பாதுகாப்புப் பயிற்சியைக் கடமைக்கு முடித்துவிட்டு வருகிறார்கள். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அதற்குப் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

இப்போது பல கப்பல்களில் செல்போனில் வீடியோவைப் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்கு ஒருமுறை போய் அறை அட்டையைக் காட்டினால் வேலை முடிந்தது. நீங்கள் அதோடு விடாதீர்கள். அறைக்கதவிலிருந்து அந்த இடம்வரை மாடிப்படி வழியாகவே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போங்கள். ஆபத்தில் லிஃப்டை நம்ப முடியாது. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாய அறிவிப்பு. எட்டு வயதுக் குழந்தைகூட இதை மனப்பாடம் செய்துவிடும். நடக்கச் சிரமப்படும் பெரியவரை யார் கூட்டிவருவது என்பதையும் அன்றைக்கே பேசி வையுங்கள்.

அறை, அலை, பணம்

விலை குறைவு என்பதற்காக நான்கு பேருக்கு ஒரே அறை எடுக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் மேலிருந்து இறக்கும் பெர்த்; அதில் பாட்டி ஏற முடியாது. குமட்டல் வரும் ஆளிருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வங்கக்கடல் அப்படியல்ல. வாந்தி மாத்திரையைத் தலை சுற்றுவதற்கு முன்பே போட வேண்டும். குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

டிக்கெட் விலைக்குள் எல்லாம் அடங்கிவிடாது. பல நிறுவனங்கள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் வசூலிக்கின்றன, குழந்தைகளுக்கும் சேர்த்து. வைஃபை, குளிர்பானம், போட்டோ, சிறப்பு உணவகம் எல்லாம் அறை அட்டையில் ஏறிக்கொண்டே போகும். தினமும் இரவு கணக்கைப் பாருங்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் முன்பணமாகப் பிடித்துவைக்கும் தொகை சில நாட்கள் முடங்கிக் கிடக்கும். ஏறியதும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க் சாதாரண ரோமிங் பேக்கில் வராது, பில் எகிறும்.

கரையில் இறங்கிய பின்

புக்கெட், சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் இறங்கிய உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலுக்குத் திரும்பக் கெடு நாலரை மணி என்று வையுங்கள். போன் நாலு காட்டுகிறதே, அரை மணி இருக்கிறது என்று கடைவீதியில் நிற்பீர்கள். கப்பலில் அப்போது மணி ஐந்து. புக்கெட்டின் பாத்தோங் விரிகுடாவில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சின்னப் படகில்தான் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன என்பதால் கடைசிப் படகின் நேரமும் முக்கியம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

எல்லா ஊரிலும் கப்பல் நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால், 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் நடக்கும் தூரம். தொலைவிலுள்ள இடங்களுக்கு மட்டும் கப்பலின் சுற்றுலாவை எடுக்கலாம். தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது.

எல்லோரும் எந்நேரமும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பகலில் அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் கூடினால் போதும்.

அட்வான்ஸ் கட்டுமுன் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை இவை: எந்தெந்த நாட்டுக்கு என்ன விசா? படுக்கைகள் எப்படி? சேவைக் கட்டணம் சேர்ந்ததா? ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்? சைவ உணவு உறுதியா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்.