நான்கு பைட்டில் ஒரு முகவரி

கடிதம் உரியவரைச் சேர உறையின்மேல் முகவரி வேண்டும். அதுபோலவே, இணையத்தில் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொட்டலமும் அனுப்பும் கணிப்பொறியின் முகவரியையும் பெறும் கணிப்பொறியின் முகவரியையும் தாங்கிச் செல்கின்றது. 1981 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு விதிமுறைப்படி, ஒரு முகவரி 32 பிட்டுகளால் ஆனது.

நாம் படிப்பதற்கு எளிதாக அதனை 192.168.1.10 எனப் புள்ளியிட்டு நான்கு எண்களாக எழுதுகிறோம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 8 பிட் கொண்ட ஒரு பைட்டில் அடங்கக்கூடிய மதிப்புகள் 256 என்பதே இதற்குக் காரணம்.

இம்முகவரியை எழுத்துக் கோப்பில் சேமித்தால் இலக்கங்களும் புள்ளிகளுமாக 12 பைட் ஆகும். மிக நீண்ட முகவரிக்கு 15 பைட். வரிமுடிவுக்கு இன்னும் ஒன்று. ஆனால் எண்ணை எண்ணாகவே எழுதினால் 192, 168, 1, 10 என நான்கே பைட் போதும். அவ்வாறு எழுதப்படுவதே இருமக் கோப்பு. ஒரு கோடி முகவரிகளுக்கு 16 கோடி பைட் வரை வேண்டிய இடத்தில் 4 கோடி பைட் போதுமானது.

இடம் மிச்சமாவது மட்டுமன்று. எல்லா முகவரிகளும் ஒரே நீளமாதலால், ஆயிரமாவது முகவரி 3,996 பைட்டுகளுக்கு அடுத்துத் தொடங்கும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். முகவரிகளை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால், நடுவில் உள்ளதை ஒப்பிட்டுப் பாதியை ஒதுக்கும் முறையில், ஒரு கோடியில் ஒன்றை 24 ஒப்பீடுகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

1987 இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் இவ்வேலைக்குப் 'பேக்' என்னும் கட்டளையும், திரும்ப விரிப்பதற்கு 'அன்பேக்' என்னும் கட்டளையும் உள்ளன. முகவரியை ஒரே எண்ணாகவும் கருதலாம். 192ஐ 1,67,77,216 ஆலும், 168ஐ 65,536 ஆலும், 1ஐ 256 ஆலும் பெருக்கி, 10ஐயும் கூட்டினால் 323,22,35,786 கிடைக்கும். அதனைப் 'பேக்' நான்கு பைட்டாக்கித் தருகின்றது.

இங்கு இரண்டு செய்திகளில் கவனம் தேவை. முதலாவது, பைட்டுகளின் வரிசை. பெரிய மதிப்புடைய பைட் முதலில் வருவதே வலைப்பின்னல் வழக்கம். இதற்கு 'என்' என்னும் எழுத்தைக் குறியீடாகத் தரவேண்டும். 'எல்' என்று தந்தால் கணிப்பொறி தன் சொந்த வரிசையில் எழுதும். இன்டெல் வகைக் கணிப்பொறியில் அது தலைகீழ் வரிசை. அக்கோப்பை வலைப்பின்னல் வரிசையில் படிப்பவருக்கு நம் முகவரி 10.1.168.192 என்று தோன்றும்!

இரண்டாவது, கோப்பைத் திறக்கும் முறை. விண்டோசில் பெர்ல் எழுத்துக் கோப்பாக எழுதும்போது, 10 என்னும் பைட்டை வரிமுடிவெனக் கொண்டு, அதற்கு முன் 13 என்னும் பைட்டைச் சேர்த்துவிடும். நம் முகவரியின் கடைசி எண்ணே 10 அல்லவா? அக்கோப்பை இருமக் கோப்பாகப் படித்தால் நம் முகவரி 192.168.1.13 ஆகிவிடும், அடுத்துவரும் முகவரிகளும் ஒரு பைட் நகர்ந்து பிழையாகிவிடும். 'பின்மோட்' கட்டளை இதனைத் தடுக்கும்.

இவை சிறு பிழைகள் அல்ல. தீங்கு செய்யும் கணிப்பொறிகளைத் தடுக்கும் பட்டியல் இப்படிப் புரண்டால், குற்றமற்றவர் வெளியே நிற்பார். தீங்கு செய்பவர் உள்ளே நுழைவார்.

1995 இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு முகவரி 128 பிட் கொண்டது. வழக்கமான வடிவில் முழுமையாக எழுதினால் 39 எழுத்துகள். இருமக் கோப்பிலோ 16 பைட்டே. முகவரி நீண்டாலும் முறை ஒன்றே.