போவது கட்டாயம், கையொப்பமிடுவதும் கட்டாயமா?

பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துப் பெற்று வேலை தேடும் எங்கள் ஆட்களிடம் ஜொப் சென்ரரில் வழமையாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது: "2006 இலிருந்து 2009 வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" கேட்கும் உத்தியோகத்தருக்கு அது சி.வி.யில் நிரப்பவேண்டிய ஓர் இடைவெளி மட்டும்தான். பதில் சொல்லவேண்டியவருக்கோ அது வன்னி, இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம். சிலருக்கு அதற்குப் பிறகு தடுப்பும் புனர்வாழ்வும்.

இலண்டனில் ஆங்கிலம் போதாதவர்களுக்குத் துணையாகப் பல வருடங்களாக இப்படியான சந்திப்புகளுக்குப் போய் வருகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால், ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். படிவம் ஒன்றை நீட்டியவுடன் எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர் வாசிக்காமலே கையொப்பமிட்டு விடுகிறார்கள். கேட்டால், "கேள்வி கேட்டால் பிரச்சினை வரும்" என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் பயத்தில் சந்திப்புக்கே போகாமல் விடுகிறார்கள். கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பதிவு, முகாமில் பதிவு, விடுதலையான பின்னர் மாதாமாதம் கையொப்பம் என்று வாழ்ந்த ஒருவருக்குப் படிவம் வெறும் கடதாசி அல்ல என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால், இந்த இரண்டு வழியுமே நட்டத்தில்தான் முடிகின்றன. முதலாவதில் சொந்தத் தகவல் கைவிட்டுப் போகிறது. இரண்டாவதில் கொடுப்பனவு வெட்டப்படுகிறது.

இவை இரண்டுக்கும் நடுவில் சட்டம் தந்திருக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏற்பாடு எப்படி இயங்குகிறது

2012ஆம் ஆண்டின் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் வந்ததுதான் யுனிவர்சல் கிரெடிற். அதைப் பெறுபவர் வேலை தேடக்கூடியவர் என்று கருதப்பட்டால், தான் செய்யவேண்டியவற்றைக் கொண்ட ஓர் உடன்பாட்டை ஏற்கவேண்டும். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை தேடுவது, எந்தச் சந்திப்புகளுக்குப் போவது எல்லாம் அதில் இருக்கும். தகுந்த காரணமில்லாமல் அதை மீறினால் தண்டமாக அடிப்படைக் கொடுப்பனவு வெட்டப்படலாம். வீட்டு வாடகைக்கான பகுதி இந்தத் தண்டத்தில் வெட்டப்படுவதில்லை.

நீண்ட நாள் வேலை கிடைக்காதவர்களை வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் தனியார் நிறுவனங்களிடம் அனுப்புகிறது. 2011 இல் 'வேர்க் புரோகிராம்' என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. 2021 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'ரீஸ்ராட்' வந்தது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். அனுப்பப்பட்டவருக்கு வேலை கிடைத்து, அதில் அவர் குறிப்பிட்ட அளவு உழைத்தால் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கும். ஆகவே உங்களைப் பற்றிய தகவல்கள் அந்த நிறுவனத்துக்குப் பெறுமதியானவை. இது சதி அல்ல, ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், உங்கள் முன்னால் வைக்கப்படும் கடதாசிகளில் சில திட்டத்துக்குத் தேவையானவை, சில நிறுவனத்துக்கு வசதியானவை என்பதை அறிந்திருப்பது நல்லது.

எது கட்டாயம், எது சம்மதம்

2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.டி.பி.ஆர். விதிகளும் அதே ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கு பொருந்தும். ஒருவரின் தனிப்பட்ட தகவலைப் பயன்படுத்துவதற்குச் சட்ட அடிப்படை ஒன்று இருக்கவேண்டும் என்கின்றன இந்த விதிகள். அப்படியான அடிப்படைகள் பல. அவற்றுள் எங்களுக்கு முக்கியமானவை இரண்டு: அரச கடமையை நிறைவேற்றுவது, மற்றையது சம்மதம்.

உங்கள் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், தேசியக் காப்புறுதி இலக்கம் போன்றவற்றைத் திணைக்களம் நிறுவனத்துக்கு அனுப்புவது அரச கடமை என்ற அடிப்படையில். அதற்கு உங்கள் கையொப்பம் தேவையில்லை. "நான் சம்மதிக்கவில்லை" என்று சொல்லி அதை நிறுத்தவும் முடியாது. இதில் வீணாக மோதி, தண்டம் வாங்கவேண்டாம்.

ஆனால், ஒரு படிவத்தில் "நான் சம்மதிக்கிறேன்" என்று எழுதிக் கையொப்பம் கேட்டால் நிலைமை வேறு. சம்மதம் என்பது சுயவிருப்பத்துடன் கொடுக்கப்படவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். "சம்மதிக்காவிட்டால் காசு நிற்கும்" என்று சொல்லி வாங்குவது சட்டப்படி சம்மதமே அல்ல.

எனவே எந்தப் படிவம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது கட்டாயமா, விருப்பமா? கட்டாயம் என்றால் எந்தச் சட்டத்தின் கீழ்? இந்தத் தகவல் யாரிடம் போகும்? பதிலை எழுத்தில் கேளுங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். சந்திப்புக்குப் போனதும், கதைத்ததும், மரியாதையாகக் கேள்வி கேட்டதும் திட்டத்தில் பங்குபற்ற மறுத்ததாக ஆகாது.

முன்னர் நடந்தவை

இது வெறும் கொள்கை அல்ல. 2012 இன் இறுதியில் திணைக்களம் 'யுனிவர்சல் ஜொப்மச்' என்ற இணையத்தளத்தை ஆரம்பித்தது. வேலை தேடுபவர் அதில் கணக்குத் திறக்கவேண்டும் என்று பணிக்கப்படலாம் என்றிருந்தது. ஆனால், அந்தக் கணக்குக்குள் போய் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கான அனுமதியை உத்தியோகத்தருக்குக் கொடுப்பது அவரவர் விருப்பம். அந்தப் பெட்டியில் சரி அடையாளம் போடாவிட்டால் தண்டிக்க முடியாது. இதை அறியாமல் அடையாளம் போட்டவர்களும் இருந்தார்கள். 2018 மே மாதம் அந்தத் தளத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது.

இன்னொன்று கேற் றெய்லியின் வழக்கு. புவிச்சரிதவியற் பட்டதாரியான அவர் நூதனசாலை ஒன்றில் தொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு 'பவுண்லாண்ட்' கடையில் சம்பளமில்லாமல் வேலை செய்ய அவர் அனுப்பப்பட்டார். அது கட்டாயம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அது கட்டாயமாக இருக்கவில்லை. 2013 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம், அந்தத் திட்டங்களுக்கான 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சட்டத்துக்கு அமைவானவை அல்ல என்று உறுதி செய்தது. ஒருவரைத் திட்டம் ஒன்றுக்கு அனுப்பும்போது, அதைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லக்கூடிய அளவுக்கு விபரம் அவருக்குக் கொடுக்கப்படவேண்டும் என்றும் அது சொன்னது. அரசாங்கம் அதற்கு முன்னரே பாராளுமன்றத்தில் பின்னோக்கிச் செல்லும் சட்டம் ஒன்றை நிறைவேற்றித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது வேறு கதை. எனக்கு அந்த வழக்கில் முக்கியமாகப் படுவது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "கட்டாயம்" என்று சொல்வதாலேயே ஒன்று கட்டாயமாகி விடாது என்பது.

அந்த மூன்று வருடங்கள்

இனி, ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். நீங்கள் உள்துறை அலுவலகத்தில் தஞ்சம் கோரியபோது சொன்ன கதை, வேலை தேட உதவும் நிறுவனத்துக்கு உரியதல்ல. தேவைக்கு மேலான தகவலைச் சேகரிக்கக்கூடாது என்பது தரவுப் பாதுகாப்பின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஒருவர் யாரிடம் வேலை செய்தார், எந்த நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார், எப்படித் தடுத்து வைக்கப்பட்டார் என்பவை களஞ்சிய வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 முதல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். ஒரு சி.வி.யில் எழுதும் ஒரு வரி பல தொழில் வழங்குநர்களின் கணினிகளுக்குப் போகக்கூடியது.

பொய் எழுதச் சொல்லவில்லை. பொய் பின்னர் உங்களையே பிடிக்கும். "இலங்கையில் யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்தேன்" என்பது உண்மை, அதுவே போதும். விவசாயம், தையல், கடை, வாகனத் திருத்தம் என்று கற்ற தொழிலை இடம், அமைப்பு எதையும் சொல்லாமல் திறமை என்ற தலைப்பில் எழுதலாம்.

குற்றத் தீர்ப்புப் பற்றிய கேள்வியில் பலர் தடுமாறுகிறார்கள். தடுப்பில் இருந்தது வேறு, நீதிமன்றத்தில் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டது வேறு. புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர் எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்கள் அல்லர். உங்கள் நிலை தெளிவில்லை என்றால், பதில் எழுதுவதற்கு முன்னர் உங்கள் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

உடல்நிலையும் மனநிலையும்

உடல்நலம், இனம், மதம், அரசியல் கருத்து என்பன சட்டத்தில் விசேட பாதுகாப்புள்ள தகவல்கள். சித்திரவதையின் தழும்போ, உடலில் இருக்கும் செல் துண்டோ, நித்திரையில்லாத இரவுகளோ உங்கள் வேலைத்திறனைப் பாதிக்கிறது என்றால் அதைத் திணைக்களத்துக்குச் சொல்வது உங்களுக்கு நல்லது. செய்யவேண்டியவற்றின் அளவை அதற்கேற்பக் குறைக்க முடியும். ஆனால், சொல்லவேண்டியது விளைவைத்தான். "ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியாது", "பூட்டிய அறையில் இருக்க முடியாது" என்று சொன்னால் போதும். அது எப்படி நடந்தது என்பதற்கு வைத்தியரின் கடிதம் இருக்கிறது.

தொழில் வழங்குநருக்கு இது இன்னும் குறைவாகவே பொருந்தும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, சில விதிவிலக்குகள் தவிர, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன்னர் ஒருவரின் உடல்நலம் பற்றி அவர் கேட்கக்கூடாது. அவர் கேட்கக்கூடாததை இடையில் இருக்கும் நிறுவனம் உங்கள் சி.வி.யில் எழுதி அனுப்பவேண்டிய தேவை இல்லை.

ஜொப் சென்ரரில் மேசைகள் அருகருகே இருக்கும். இப்படியான விடயம் கதைக்கத் தனி அறை கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குத் தெரிந்தவர், அல்லது உங்கள் ஊரவர் என்றால் வேறு ஒருவரைக் கேளுங்கள். தொலைபேசி மூலமும் மொழிபெயர்ப்பு உண்டு. எங்கள் சமூகம் சிறியது. ஹரோவில் சொன்னது கிளிநொச்சிக்குப் போய்ச்சேர அதிக நேரம் எடுக்காது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து, தகப்பன் பட்ட அடியை அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டாம்.

நாங்களே கொடுத்துவிடும் சாவிகள்

சில இடங்களில் "உங்களுக்காக நாங்களே விண்ணப்பிக்கிறோம்" என்று மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். கொடுக்கவேண்டாம். அந்த மின்னஞ்சலில்தான் உங்கள் சட்டத்தரணியின் கடிதங்களும் இருக்கின்றன. வேலை தேடுவதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் திறவுங்கள். காசு வாங்கிப் படிவம் நிரப்பும் எங்கள் ஆட்களிடமும் யுனிவர்சல் கிரெடிற் கணக்கின் கடவுச்சொல்லை விட்டுவிட்டு வரவேண்டாம்.

வேலை கிடைத்த பின்னர், 'வெற்றிக் கதை' என்று உங்கள் படத்தையும் பெயரையும் போடக் கேட்கலாம். அது முழுக்க முழுக்க விருப்பம். படம் இணையத்தில் ஏறினால் ஊரில் இருக்கும் உங்கள் குடும்பத்தைக் கண்காணிப்பவர்களும் அதைப் பார்க்கலாம். அதேபோல, உங்கள் புதிய முதலாளியுடன் தொடர்புகொள்ள அனுமதி கேட்டாலும் முதலில் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சம்பளத்தில் வேலை செய்பவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதை, தொழில் வழங்குநர் வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் பதிவுகளில் இருந்தே அரசாங்கம் அறிந்துகொள்கிறது.

உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?

இலங்கையில் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு இது விளங்கும். இங்கே உங்களைப் பற்றிய தகவலின் பிரதியைத் திணைக்களத்திடமும் நிறுவனத்திடமும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டணம் இல்லை. வழமையாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். "என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவல்களின் பிரதியையும் தாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். திருப்தியில்லை என்றால் முதலில் அவர்களிடமே முறைப்பாடு செய்து, பின்னர் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்குப் போகலாம்.

தண்டம் போடுவதாகச் சொன்னாலும் பயந்து கையொப்பமிடவேண்டாம். நிறுவனம் முறையிடலாம், ஆனால் முடிவெடுப்பது திணைக்களம். முடிவு பிழை என்றால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். அதற்குப் பின்னர் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். சந்திப்பின் திகதி, கதைத்தவரின் பெயர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். உங்கள் பகுதியில் உள்ள சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

ஊரில் எங்களைப் பற்றிய கோவைகளை மற்றவர்கள்தான் எழுதினார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. இங்கே கேட்கலாம். அடுத்த சந்திப்புக்கு நேரத்துக்குப் போங்கள், ஒரு பேனையும் கொப்பியும் கொண்டு போங்கள். கையொப்பமிடுவதற்கு முன்னர் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.