திரையில் கூர்மை, பிலிமில் மங்கல்

மீடியம் ஃபார்மட் பிலிம் கேமராவில் பார்க்கிற வழி வேறு, பதிகிற வழி வேறு. ஹாசல்பிளாட் 500சி/எம் போன்ற கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளி, உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி ஃபோகஸ் திரையில் விழுகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி விலகிக்கொள்ள, அதே ஒளி நேராகப் பின்னாலுள்ள பிலிமுக்குப் போகிறது. ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களிலோ பார்ப்பதற்கு மேலே ஒரு லென்ஸ், பதிவதற்குக் கீழே ஒரு லென்ஸ். எந்த வகையானாலும் இரண்டு வழிகளும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பழைய கேமராவில் ஃபோகஸ் கெடுவதற்கு இந்த ஒப்பு குலைந்ததே பெரும்பாலும் காரணம். லென்ஸ் போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடக் கூடாது.

தாங்கக்கூடிய பிசகு மிகச் சிறியது. 80 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் முழுதாகத் திறந்து 1.5 மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படமெடுத்தால், கூர்மையாக விழும் பகுதி முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 10 செ.மீ.தான். பிலிம் இருக்கும் பக்கத்தில் இடம் இன்னும் குறைவு: முன்னே 0.14 மி.மீ., பின்னே 0.14 மி.மீ. அதையே நல்ல வெயிலில் எஃப் 11-க்கு மூடி எடுத்தால் குறை வெளியே தெரியாது. ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்த கோளாறு, மாலை வெளிச்சத்தில் லென்ஸைத் திறந்து ஒரு முகத்தை எடுக்கும்போது வெளிப்படுவது இப்படித்தான்.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் நெகட்டிவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒளிப் புள்ளிகள் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் அது கை ஆட்டம் அல்லது கண்ணாடி எழும்பும் அதிர்வு, ஃபோகஸ் குற்றமல்ல. கண்ணை நோக்கி ஃபோகஸ் செய்தும் காதோ மூக்கின் நுனியோ கூர்மையாக இருந்தால் இரண்டு வழிகளும் ஒத்துப்போகவில்லை. படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கினால் லென்ஸோ பிலிமோ சாய்ந்திருக்கிறது. கூர்மை இருந்தும் எல்லாம் வெளிறிக் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சையோ படலமோ இருக்கலாம்.

சோதனை எளிது. ஒரு அளவுகோலை 45 பாகை சாய்வில் நிறுத்தி, கேமராவை முக்காலியில் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து, அளவுகோலின் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும். நெகட்டிவில் எந்தக் கோடு கூர்மையோ, அதுவே பிசகின் திசையையும் அளவையும் சொல்லிவிடும். திரையைப் பார்க்கும்போது மேல்மூடியில் உள்ள பூதக்கண்ணாடியை விரித்துக்கொள்வது அவசியம். அது பார்ப்பவரின் பார்வைக்குப் பொருந்தவில்லை என்றால் மற்ற சோதனைகள் எல்லாம் வீண்.

ஹாசல்பிளாட் வகைக் கேமராக்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணாடிக்கு அடியில் உள்ள நுரைப்பஞ்சு. காலப்போக்கில் அது பிசுபிசுத்து, கறுத்துப் பொடியாகிறது. தாங்கல் போனதும் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. திரையில் காண்பது பொய்யாகிவிடுகிறது. பிலிமோ சரியான இடத்திலேயே இருக்கிறது. அடுத்தது திரை. 1970-இல் வந்த 500சி/எம்-இல் திரையைப் பயனாளரே கழற்றி மாட்டலாம். அந்த வசதியே வம்பாகவும் ஆகும்: துடைக்கக் கழற்றியவர் தலைகீழாக மாட்டியிருப்பார். சொரசொரப்பான பக்கம் கீழே, கண்ணாடியை நோக்கி இருக்க வேண்டும். திரும்பிவிட்டால் திரையின் தடிமன் அளவுக்கு ஃபோகஸ் தவறும். பழைய கேமரா வாங்குகிறவர்கள் இதை அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

இரட்டை லென்ஸ் கேமராவில் சோதிப்பது இன்னும் தெளிவானது. பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்துத் திறந்தபடி நிறுத்தி, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கும்படி வைக்க வேண்டும். தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றை அதில் கூர்மையாக்கிவிட்டு, மேல்திரையைப் பார்க்கலாம். அங்கே மங்கலாகத் தெரிந்தால் சரிசெய்ய வேண்டியது பார்க்கும் லென்ஸைத்தான்; பதியும் லென்ஸைத் தொடக் கூடாது. இரண்டும் ஒத்துப்போய், தூர எண்கள் மட்டும் பொருந்தவில்லை என்றால் படத்துக்குக் கேடில்லை.

மடிப்புக் கேமராக்களின் கதை வேறு. அக்ஃபா ஐசோலெட்டில் லென்ஸின் முன்துண்டைத் திருகித்தான் ஃபோகஸ் செய்வது. உள்ளே இருந்த மசகு காலப்போக்கில் இறுகி, முன்துண்டும் நடுத்துண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுழலும். வளையம் திரும்புவதால் எல்லாம் சரி என்று தோன்றும். படம் மட்டும் ஒருபோதும் கூர்மையாக வராது.

சில நேரம் குற்றம் பிலிமினுடையது. 120 பிலிம் முதுகில் காகிதத்தோடு சேர்த்துச் சுற்றிய சுருள். ஹாசல்பிளாட்டின் பிலிம் பெட்டியில் அது உருளையைச் சுற்றித் திரும்பிப் போகிறது. சில நாள் அப்படியே கிடந்தால் வளைந்த இடம் மடிப்பாக நின்றுவிடும். அடுத்துச் சுற்றும்போது அந்தப் புடைப்பு படச்சட்டத்துக்குள் வந்து சேரும். நீண்ட இடைவெளிக்குப் பின் எடுத்த ஒரு படத்தில், அதிலும் ஒரு பகுதி மட்டும் மங்கினால் காரணம் இதுவே. ரோலை இடையில் நிறுத்தாமல் எடுத்து முடிப்பதே இதற்கு வழி. யாஷிகா மேட் 124ஜி-யில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டுக்கு 120, 220 என இரண்டு நிலைகள் உண்டு. போட்டிருக்கும் பிலிமுக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திரையைத் திருப்பி மாட்டுவது, தட்டை நகர்த்துவது போன்றவற்றை வீட்டில் செய்யலாம். கண்ணாடியின் கோணம், லென்ஸின் உள்துண்டுகள், தூர வளையத்தின் மரை ஆகியவை பழகிய மெக்கானிக்கின் வேலை. மரையைத் தவறான இடத்தில் தொடங்கி மாட்டினால் லென்ஸ் தொலைதூரத்துக்குப் போகவே போகாது. பழுது பார்த்து வந்த கேமராவில் 12 படங்கள் உள்ள ஒரு ரோலைப் போட்டு, கிட்டத்தில், நடுத்தூரத்தில், தொலைவில் என மூன்று இடங்களிலும் லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்துப் பார்த்த பிறகே அதை வேலைக்கு எடுத்துப் போகலாம்.