தறி வேறு, அட்டை வேறு: கணினிக் காட்சியில் வெளிக்கோப்புகளை ஏற்றும் முறை

சங்கத்தின் சரக்குகளைக் கணினித் திரையில் காட்டி விற்க முற்படும் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. ஒரு புடவையின் விலை மாறினால் காட்சி முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டுமா, அதற்கு மீண்டும் பணம் தர வேண்டுமா என்பதே அது. விடை, காட்சியை முதலில் எவ்வாறு அமைத்தோம் என்பதைப் பொறுத்தது.

நெசவாளர்க்கு இது புதிய பாடமன்று. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு அமைத்த கருவியில், பூவேலையின் கணக்குத் தறியில் இல்லை. துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. பூவை மாற்ற அட்டைக் கோவையை மாற்றுகிறோம், தறியை மாற்றுவதில்லை. கணினிக் காட்சிக்கும் இதுவே நெறி.

படம், ஒலி, எழுத்து மூன்றும் கலந்து, பார்ப்பவர் கேட்டதற்கு மறுமொழி தரும் காட்சிகளைச் செய்யப் பல்லாண்டுகள் பெரிதும் பயன்பட்டது 'பிளாஷ்' என்னும் சாதனம். மாக்ரோமீடியா நிறுவனம் வளர்த்த இது, 2005-ல் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்தது. 2000-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் 'ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்' என்ற கட்டளைமொழி உருப்பெற்றது. 2002-ல் வந்த 'எம்எக்ஸ்' பதிப்பு, ஜேபெக் படங்களையும் எம்பி3 ஒலியையும் காட்சி ஓடும்போதே வெளியிலிருந்து ஏற்ற வழி செய்தது.

அதன் முறையைக் காண்போம். ஒரு சங்கத்தில் இருநூறு வகைப் புடவைகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றின் எண், நூல் நம்பர், நிறம், விலை, படக்கோப்பின் பெயர் ஆகியவற்றை, இருப்புப் பதிவேடு எழுதுவதுபோல, 'எக்ஸ்எம்எல்' கோப்பு ஒன்றில் எழுதி வைக்கிறோம். காட்சி தொடங்கியதும், கட்டளைத்தொடர் அக்கோப்பை வரவழைத்துப் படிக்கிறது. பார்ப்பவர் விரும்பிய புடவையின் படத்தை மட்டும் அப்போது தருவித்துத் திரையில் இடுகிறது. 2006-ல் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பில், தகவலை ஏற்ற 'யுஆர்எல்லோடர்' என்றும், படத்தை ஏற்ற 'லோடர்' என்றும் தனித்தனிக் கருவிகள் இருந்தன. விலை மாறினால் எழுத்தர் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அன்றாடம் விலை மாறும் காய்கறி விற்கும் விளைவிப்போர் சங்கத்துக்கு இவ்வசதி இன்னும் இன்றியமையாதது.

புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. வேண்டுகோள் அனுப்பியவுடனே கோப்பு வந்து சேர்ந்துவிடாது. கட்டளைத்தொடரோ அதற்காக நில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வராத கோப்பிலிருந்து விலையைப் படிக்க முயல்வது, நூலுக்கு ஆர்டர் எழுதிய அன்றே பாவு ஓட்ட முற்படுவதற்கு ஒப்பாகும். ஆகவே, கோப்பு முழுதும் வந்தது என்ற அறிவிப்புக் கிடைத்த பின்னரே அதைப் பயன்படுத்துமாறும், வாராது போயின் அதனைப் பார்ப்பவர்க்குத் தெரிவிக்குமாறும் கட்டளை எழுத வேண்டும். மேலும், பிறர் தளத்திலுள்ள தகவலைப் படிக்க, அத்தளத்தார் அனுமதிக் கோப்பு வைத்திருந்தாலன்றி பிளாஷ் இடம் தரவில்லை. இன்றைய உலாவிகளும் இத்தகைய அனுமதியை எதிர்பார்க்கின்றன.

இனி, இதிலுள்ள இலாப நட்டத்தைக் கவனிப்போம். 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கி காட்சிகளை ஓட்டாமல் தடுத்தது. படங்களையும் விலைகளையும் காட்சிக்குள்ளேயே புதைத்து வைத்தவர்கள் அவற்றை மீட்க அல்லற்பட நேர்ந்தது. வெளிக்கோப்புகளாக வைத்திருந்தவர்களுக்குத் தறி போயிற்று, அட்டை எஞ்சியது. அதே எக்ஸ்எம்எல் கோப்பையும் படங்களையும் இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் மொழியாலும் ஏற்றிக் காட்ட இயலும்.

ஆதலின், காட்சி செய்ய ஒருவரை அமர்த்தும் முன் நிர்வாகக் குழுவினர் மூன்றை எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்ளுமாறு நாம் வேண்டுகிறோம். விலையும் படமும் தனிக் கோப்புகளாக இருத்தல் வேண்டும். அவற்றைத் திருத்தும் முறையைச் சங்க எழுத்தருக்குக் கற்பித்தல் வேண்டும். அவற்றின் படி ஒன்று எந்நாளும் சங்கத்தின் கைவசம் இருத்தல் வேண்டும். காட்சியைச் செய்பவர் மாறலாம், சாதனமும் மாறலாம். சங்கத்தின் சரக்குக் கணக்குச் சங்கத்திடமே இருத்தல் வேண்டும்.