வயிற்று வலிக்கும் மார்க் உண்டு, தெரியுமா?

பரீட்சைக்குத்தான் மார்க் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கும் டாக்டர் மனசுக்குள் மார்க் போடுகிறார், தெரியுமா? அதுவும் பத்துக்கு!

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் தெருப் பையனுக்கு ஒரு ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. “சூடு பிடிச்சிருக்கும்” என்று அவன் ஆயா விளக்கெண்ணெயை எடுத்துவிட்டார். நல்லவேளை, பையன் வாயைத் திறக்கவில்லை. குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால் அது வெடித்துவிடும் ஆபத்து உண்டு! விடிந்தபோது வலி வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. டாக்டரின் முதல் கேள்வி: “முதல்ல எங்க வலிச்சுது?” பிறகு இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். சட்டென்று விரலை எடுத்தார். அப்போதுதான் அலறினான்! அழுத்தும்போது இருப்பதைவிட விடும்போது வலி கூடுகிறதே, அதற்கே தனியாக ஒரு மார்க்.

முழுக் கணக்கையும் கேளுங்கள். வலி இடம் மாறினால் 1, சாப்பாடு பிடிக்காவிட்டால் 1, குமட்டலோ வாந்தியோ இருந்தால் 1, வலது அடிவயிறு தொடும்போது நொந்தால் 2, விட்டதும் வலித்தால் 1, காய்ச்சலுக்கு 1, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் 2, அவற்றில் நியூட்ரோபில் வகை மிகுந்திருந்தால் 1. ஆக மொத்தம் 10. பையனுக்கு வாந்தி இல்லை. ஆனாலும் ரத்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே 6! வந்ததும் 8.

இந்தக் கணக்கைத் தந்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 305 நோயாளிகளின் விவரங்களை அலசிய டாக்டர் ஆல்ஃப்ரெடோ அல்வராடோ. ஆண்டு 1986. குடல்வால் அழற்சிக்கு ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என்ற பெயரையே டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் சூட்டியது 1886இல். சரியாக நூறு வருஷம்!

இன்னொரு ஆச்சரியம் நம் ஊருக்கே சொந்தம். இந்த வலிக்குக் குடல்வால்தான் வில்லன் என்று பாரீஸில் மெலியே என்ற மருத்துவர் 1827இலேயே எழுதினார். அன்றைய பெரிய அறுவை நிபுணர் துப்யூத்ரென் அதை ஏற்கவில்லை. பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. ஆனால் மெலியே எழுதுவதற்கு நான்கு வருஷம் முன்பே, 1823இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி திறந்துவிட்டார்கள்! அதன் வழித்தோன்றல்தான் இன்றைய ஜிப்மர்.

ராஜாவையும் இந்தக் குடல்வால் விடவில்லை. 1902 ஜூனில் முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டை ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்தது இந்த நோய். விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. 1961இல் அண்டார்டிகாவில் ரஷ்ய டாக்டர் ரோகசோவ், வேறு டாக்டர் இல்லாததால், தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை எடுத்தார். நினைத்தாலே சிலிர்க்கிறது!

மேல்நாட்டுக் கணக்கு ஆசியர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று புருனே மருத்துவர்கள் 2010இல் ‘ரிபாசா’ என்ற புதுக் கணக்கே போட்டார்கள். அதில் வயது, ஆணா பெண்ணா, எத்தனை மணி நேரமாக வலி என்பதற்கெல்லாம் மார்க். அரை மார்க்கும்கூட உண்டு, 7.5 தொட்டால் உஷார்!

இந்த மார்க்கின் நிஜமான பலம் ‘இது அதில்லை’ என்று சொல்வதில்தான் என்பது என் எண்ணம். குடல்வால் அழற்சி உள்ளவர்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் அல்வராடோ கணக்கில் 5 அல்லது அதற்கு மேல் வந்துவிடுகிறார்கள் என்று 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். கூடுதல் மார்க் வந்ததாலேயே கத்தி எடுத்துவிட முடியாது. பெண்களுக்குச் சினைப்பைக் கோளாறிலும் இதே மாதிரி வலி வரும், மார்க்கும் ஏறும். அதனால்தான் பையனுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டே ஆபரேஷன். வீட்டில் நாமே அழுத்திப் பார்த்துக் கூட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. கடுமையான வலி திடீரென்று அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், குடல்வால் வெடித்திருக்கலாம். உடனே ஓடுங்கள். குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் அரசுப் பொது மருத்துவமனை நடக்கிற தூரம்தான்.

பையன் வயிற்றில் இப்போது மூன்று சின்னத் தழும்புகள். சின்னத் துளைகள் வழியே செய்யும் இந்த லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலில், 1980இல், குடல்வாலை எடுத்த ஜெர்மானியர் குர்ட் செம் ஒரு மகளிர் நோய் மருத்துவர், தெரியுமா? விளக்கெண்ணெய் எடுத்த ஆயாவோ, தெருவில் யாருக்கு வயிறு வலித்தாலும் இப்போது முதலில் கேட்பது, “எங்க ஆரம்பிச்சுது, சொல்லு!”