யீசிங்கின் ஊதா மணற் கெண்டிகள்

சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில், தாய் ஏரியின் மேற்குக் கரையையொட்டி அமைந்துள்ள யீசிங், மட்பாண்டத் தொழிலுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற வட்டாரமாகும். இங்குள்ள டிங்ஷு என்னும் சிறு நகரில் இத்தொழில் பெரிதும் குவிந்துள்ளது. நீர்ச் சாடிகள், பூந்தொட்டிகள் எனப் பலவகைப் பாண்டங்கள் இங்கு உருவாயினும், யீசிங்கின் பெயரை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது ஒரு கையில் அடங்கக்கூடிய, மெருகுப் பூச்சு ஏதுமில்லாத தேநீர்க் கெண்டியே ஆகும்.

இக்கெண்டிக்குத் தேவை எழுந்ததே ஓர் அரசாணையின் பின்விளைவு எனலாம். அமுக்கிக் கட்டியாக்கிய தேயிலையைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை, மிங் வம்சத்தின் முதற் பேரரசர் 1391இல் நிறுத்தினார். குடிமக்களின் உழைப்புச் சுமையைக் குறைப்பதே அவர் கூறிய காரணம். அதன்பின் உதிரி இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பருகும் முறை பரவிற்று. இலையை ஊறவைக்க மூக்கும் மூடியும் உள்ள சிறு கலம் வேண்டியதாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோங் சுன் என்னும் பணியாள் கோயில் துறவி ஒருவரிடமிருந்து இக்கலையைக் கற்றுக் கெண்டி செய்தார் என்பது மரபுச் செய்தி. 17ஆம் நூற்றாண்டில் தேயிலையோடு இக்கெண்டிகளும் ஐரோப்பாவுக்குச் சென்றன. ஹாலந்தின் டெல்ஃப்டிலும் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரிலும், பின்னர் ஜெர்மனியின் மைசனிலும் இவற்றைப் பின்பற்றிச் செந்நிறக் கெண்டிகள் செய்யப்பட்டன.

மண் அல்ல, பாறை

இதன் மூலப்பொருள் 'ஸீஷா', அதாவது 'ஊதா மணல்' எனப்படும். வயலிலோ குளத்திலோ வெட்டியெடுக்கும் களிமண் போன்றதன்று அது. டிங்ஷு அருகிலுள்ள மஞ்சள் டிராகன் மலை முதலிய இடங்களில், நிலத்தடியிலிருந்து பாறைக் கட்டிகளாகவே தோண்டப்படுகிறது. குவார்ட்சு, அபிரகம், களிமண் கனிமங்கள் ஆகியவற்றோடு இரும்பு ஆக்சைடும் இதில் மிகுந்திருக்கிறது. ஊதா, சிவப்பு, வெளிர் மஞ்சள் என நிறங்கள் வேறுபடுவது பெரும்பாலும் இந்த இரும்பினால்தான்.

வெட்டியெடுத்த கட்டிகள் மாதக்கணக்கில் திறந்தவெளியில் வெயிலுக்கும் மழைக்கும் விடப்படுகின்றன. அவை தாமாக உதிரத் தொடங்கியபின் அரைத்துச் சலித்து, நீர் கலந்து, மீண்டும் நெடுநாள் மூடி வைக்கப்படுகின்றன. பின்னர் கனத்த கொட்டாப்புளியால் அடித்து உட்காற்றை வெளியேற்றுகின்றனர். நல்ல மண் இருப்பு வைத்திருக்கும் குடும்பம், பணத்தை வங்கியில் போட்டிருப்பதைப் போன்றே கருதப்படுகிறது.

சக்கரமில்லாத குயத்தொழில்

இந்திய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி, இக்கெண்டி குயவர் சக்கரத்தில் வனையப்படுவதில்லை என்பதாகும். (மணிப்பூரின் லோங்பி கருங்கலங்களும் சக்கரமின்றியே செய்யப்படுகின்றன.) மணற் பாங்கான இம்மண் தட்டி உருவாக்குவதற்கே ஏற்றது.

கைவினைஞர் முதலில் மண்ணைத் தட்டிச் சீரான கனமுள்ள தகடாக்குகிறார். அதிலிருந்து நீண்ட பட்டை ஒன்றும் வட்டத் தகடுகள் சிலவும் வெட்டப்படுகின்றன. பட்டையை வளைத்து முனைகளை ஒட்டினால் உருளை கிடைக்கிறது. அதைக் கையால் மெல்லத் திருகும் சிறு பீடத்தின் மீது வைத்து, இடக்கை விரல்களை உள்ளே தாங்கலாகக் கொடுத்து, வலக்கையிலுள்ள தட்டுப் பலகையால் விளிம்பைத் தட்டித் தட்டி உட்புறமாகச் சாய்க்கிறார். விளிம்பு குறுகியதும் வட்டத் தகடு ஒன்றால் அடைத்துக் கவிழ்த்து, மறுபுறத்தையும் அவ்வாறே செய்து அடைக்கிறார். இப்போது கையிலிருப்பது காற்று அடைபட்ட ஒரு மண் உருண்டை. உள்ளிருக்கும் காற்றே தாங்கலாக நிற்பதால் வெளியே தட்டி வடிவத்தைத் திருத்த முடிகிறது. வாய்ப்பகுதி அறுக்கப்படுவது பின்னரே. சதுரக் கெண்டியாயின் தகடுகளைத் தனித்தனியே வெட்டி விளிம்போடு விளிம்பு இணைப்பர். இது இன்னும் கடினமானது. சூளையில் ஒரு பக்கம் சற்றே வளைந்தாலும் கலம் கழிவுதான்.

மூக்கு, கைப்பிடி, மூடி ஆகியவை தனியே செய்யப்பட்டு மண்குழம்பால் ஒட்டப்படுகின்றன. மூக்கு சேருமிடத்தில் இலை தடுக்கச் சிறு துளைகள் இடப்படும். இறுதியில் நீரில் ஊறிய மெல்லிய மாட்டுக்கொம்புத் தகட்டால் மேற்பரப்பை வழித்து நீவுகின்றனர். நுண்ணிய துகள்கள் மேலே வந்து, பூச்சு இல்லாமலே மெல்லிய ஒளி தோன்றுவது இதனால்தான். அடியில் செய்தவரின் முத்திரை பதிக்கப்படும்.

ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கெண்டிகள் சுடப்படுகின்றன. சுடும்போது கலம் சுருங்கும். மூடியும் உடலும் ஒரே அளவில் சுருங்கவேண்டி இரண்டையும் சேர்த்தே சுடுவர். செம்மண் வகை மிகுதியாகச் சுருங்குவதால் அதில் வெடிப்பும் அதிகம், விலையும் அதிகம். மலைச்சரிவில் ஏறிச்செல்லும் 'டிராகன் சூளை'களின் இடத்தை இன்று மின்சார, எரிவாயுச் சூளைகள் பிடித்துவிட்டன.

சுட்ட கலத்தில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. அவை தேநீரின் மணத்தை ஏற்கின்றன என்பதால் ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்பது பழக்கம். இது பற்றிய புகழுரைகளில் ஓரளவு மிகையும் உண்டு. மூடித் துளையை விரலால் அடைத்ததும் நீர் நின்றுவிடுகிறதா என்னும் சோதனையே நம்பத்தக்கது. மூடியின் பொருத்தத்தை அது உடனே காட்டிவிடும்.

விலையும் கைத்திறனும்

அண்டை வட்டாரமான லியாங்கின் ஆட்சி அலுவலராயிருந்த சென் ஹோங்ஷௌ (1768-1822) கெண்டிகளுக்கு வடிவம் வகுத்தளிக்க, யாங் பெங்நியான் முதலிய கைவினைஞர்கள் அவற்றைச் செய்தனர். படித்தோரின் எழுத்தும் முத்திரையும் ஏறியதிலிருந்து கெண்டி கலைப்பொருளாகவும் விலை பெற்றது. 1950களில் சிதறிக்கிடந்த கைவினைஞர்கள் கூட்டுறவு அமைப்பில் ஒன்று சேர்க்கப்பட்டனர். கு ஜிங்ஷௌ (1915-1996) போன்ற மூத்தோர் அங்கு இளைஞரைப் பயிற்றினர்.

இன்றைய சிக்கல் வேறு வகையானது. சாந்து அச்சில் அழுத்தி உடலை உருவாக்கி, எஞ்சியதைக் கையால் முடிக்கும் முறை வேலை நாட்களைப் பெரிதும் குறைக்கிறது. வாங்குவோரில் பலரால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. அவர்கள் கைவினைஞருக்கு அரசு வழங்கும் தகுதிப் பட்டத்தைப் பார்த்தே விலை கொடுக்கின்றனர். பட்டம் பெற்றவரின் முத்திரையை மற்றவர் செய்த கலத்தில் காண்பதும் உண்டு. 2005இல் மஞ்சள் டிராகன் மலையில் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டபின் மண்ணின் விலை ஏறிற்று. வேறு மண்ணில் நிறமேற்றும் இரசாயனங்களைக் கலந்து விற்பதைச் சீன அரசுத் தொலைக்காட்சி 2010இல் அம்பலப்படுத்தியபோது, நேர்மையான பட்டறைகளும் விற்பனை இழந்தன. 2006இல் இக்கலை சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் இடம் பெற்றிருந்தும், சந்தையில் அது காப்பாக அமையவில்லை. கு ஜிங்ஷௌ செய்த தேநீர்க் கலத் தொகுதி ஒன்று 2015இல் 9 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போயிற்று. பட்டமில்லாத இளம் கைவினைஞரோ, நாள்கணக்கில் தட்டிச் செய்த கெண்டியை அச்சுக் கெண்டியின் விலையோடு போட்டியிட்டே விற்க வேண்டியுள்ளது.